பிணம் பதினான்கு

கோட்டை வீதியில் ஒரு சந்தை கட்டியிருந்தார்கள்,
ஒட்டுப்பலகையில், மூன்றே நாளில்.
எண்பதுகளின் சவர்க்கார விளம்பரம்,
எண்பதுகளின் பஸ்.
தக்காளி மட்டும் இன்று காலை தம்புள்ளையிலிருந்து.

எனக்கு வேலை செத்துக் கிடப்பது.
தலைக்கு மூவாயிரம், மத்தியானச் சோறு புறம்பு.
செத்த ஆக்கள் மூச்சு விடக்கூடாது என்று
ஒலிபெருக்கியில் மூன்று மொழியிலும் சொன்னார்கள்.
சீனிப்பாகில் சிவப்புக் கரைத்து
ஒரு பெட்டை என் காதுக்குள் ஊற்றினாள்.
"எறும்பு வரும் ஐயா, அசையாதேங்கோ."

இடப்பக்கம் கிண்ணியா முசம்மில்.
சீனி வருத்தத்தில் போன கால்
இங்கே வெடியில் போனதாய்ப் பயன்பட்டது.
அதற்கு ஐந்நூறு கூட.
வலப்பக்கம் இந்திராணி மெனிக்கே.
கிழக்கு வாசலடியில்தான் கிடப்பேன் என்று
கேட்டு வாங்கிப் படுத்திருந்தாள்.
"அக்கா கருவாடு வாங்க வந்தது. இந்தப் பக்கத்தால."
உடைந்த தமிழில், வானத்தைப் பார்த்தபடி,
உதடு அசையாமல் சொன்னாள்.

நடிகன் வந்தான். மடிப்புக் கலையாத சேட்.
தோளில் துணிப்பை. கண்களை மூடினான்.
வயலின் பிறகு சேர்ப்பார்களாம்.
"ஒவ்வொரு வெடியும் சரித்திரத்துக்கு நாங்கள் எழுதும் கடிதம்"
என்றான், காற்றைப் பார்த்து.
நல்ல குரல்.

எங்களிடம் கடிதம் இருக்கவில்லை.
பாலையூற்றில் ஒரு ரியூசன் கொட்டில்.
கரும்பலகையில் யாரோ அழிக்காமல் போன சமன்பாடு,
அதன் மேலேயே கீறினார்
சந்தையின் நாலு வாசலையும்.
சனம் வேறு, இலக்கு வேறு என்றார்.
வயிற்றோட்டம் அவருக்கு; இடையிடையே எழுந்து போனார்.
அவர் போன நேரத்தில் கேட்டிருக்கலாம் மற்றவர்களிடம்.
பதினேழு வயதில் கேள்வி கேட்டால்
பயந்தவன் என்று அர்த்தம்.

அண்ணனை லொறியில் ஏற்றி அப்போது எட்டு மாதம்.
அப்படி ஒரு காட்சியும் எடுத்தார்களாம் இந்தப் படத்துக்கு.
நீளம் கருதி வெட்டியாயிற்று.

பைக்கு மேலே வெங்காயத்தாள் செருகியிருந்தேன்.
சைக்கிளைச் சாத்தினேன்.
"கொஞ்சம் தள்ளி வையும் தம்பி" என்றார்
பெட்டி இறக்க வந்த ஒருவர்.
தள்ளி வைத்தேன்.
எந்தப் பக்கம் தள்ளினேன் என்று
இன்றுவரை நித்திரையில்
மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கிறேன்.

பிறகு சந்தி கடந்து நன்னாரி சர்பத் குடித்தேன்.
ஐந்து ரூபாய் கொடுத்தேன்.
மிச்சத்துக்குக் கை நீட்டியபோது கேட்டது.
கடைக்காரர் மேசைக்குக் கீழே போய்விட்டார்.
நான் நீட்டிய கையோடு நின்றேன்
இரண்டு ரூபாய்க்காக, வெகுநேரம்.

நாலாவது டேக்கில் மான்கள் வந்தன.
கோட்டைப் புள்ளிமான்கள்,
எவர் கட் சொன்னாலும் கேட்காதவை.
பிணங்களைத் தாண்டித் தாண்டிப் போய்
கோவா இலையைக் கடித்தன.
ஒன்று குனிந்து
என் காதை நக்கத் தொடங்கிற்று,
சூடான, கரகரத்த நாக்கு.
தோள் குலுங்கியது எனக்கு, நிறுத்த முடியவில்லை.
"பதினாலாம் பிணம் சிரிக்குது!"
ஒலிபெருக்கி கத்தியது.
எல்லாப் பிணங்களும் சிரித்தன.
நான் சிரிக்கவில்லை.
முசம்மில் மட்டும் திரும்பிப் பார்த்தார்,
பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் கண்ணை மூடிக்கொண்டார்.

பின்னேரம் பற்றுச்சீட்டு.
பெயர். அடையாள அட்டை இலக்கம்.
பாத்திரம்: பிணம் 14.
பேனை கொஞ்சம் நின்றது அந்த இடத்தில்.
வேறு கட்டம் எதுவும் அச்சடித்திருக்கவில்லை.

அனுராதபுரச் சந்தி மட்டும்
பங்குக்கு ஓட்டோ பிடித்தோம், நானும் இந்திராணியும்.
முகம் கழுவியிருந்தாள்; கழுத்தில் மட்டும்
காய்ந்த பாகு.
கடலைத் தாண்டும்வரை பேசவில்லை.
பிறகு, சும்மா கேட்பதுபோல்:
"அண்டைக்கு நீங்க எங்க இருந்தது?"

"சர்பத் கடையில" என்றேன்.

பொய்யில்லை.
காதுக்குள் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது,
அசையாமல் இருந்தேன்.